துணி கட்டிய செடிகள்

கழுத்தில் தொங்கும் டேப்பை இறக்கி, எருக்கஞ்செடியின் அடியில் ஒரு முனையை வைத்து அளக்கிறார் டெய்லரக்கா. "முப்பத்தெட்டு. போன வாரத்துக்கு ரெண்டு கூட. சாப்பாடு நல்லாத்தான் எறங்குது உனக்கு." ஆர்டர் நோட்டில், பல் டாக்டர் மனைவியின் இடுப்பளவுக்குக் கீழே எருக்கின் உயரமும் ஏறுகிறது. அதன் பிறகுதான் தையல் மெஷினுக்கு உறை கழலும்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த முற்றம் முழுக்கச் சிமெண்ட் பலகை. வெயிலில் சுடும், மழையில் வழுக்கும். வேறு வேலை எதுவும் அது செய்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கு நாலு பலகை என்று கடப்பாரையால் பெயர்த்தெடுத்தார் டெய்லரக்கா. ரோஜா வைப்பார் என்று தெரு எதிர்பார்த்தது. அவரோ மைதானத்து வேலியோரம் விதை பொறுக்கி வந்து தும்பை, துத்தி, எருக்கு, நாயுருவி என்று விதைத்தார். "இதுங்க இந்த மண்ணுலயே பொறந்ததுங்க. தண்ணி கேட்டு நம்ம உயிரை வாங்காது" என்பது அவர் கட்சி.

வீட்டுக்காரர் பள்ளி வேன் டிரைவர். தூசு தும்பு கண்டால் ஆகாது. மனைவிக்கு உதவுவதாக நினைத்து, ஒரு விடுமுறை நாளில் முளைத்தது அத்தனையையும் பிடுங்கிக் குவித்துவிட்டு, "எப்படி, பளிச்சுனு இருக்கா?" என்று நின்றார். டெய்லரக்கா இரண்டு நாள் மறுபடி வேலியோரம் விதை பொறுக்கினார். மூன்றாம் நாள் மறுபடி விதைத்தார். முளைத்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு, வெட்டு மிச்சத் துணியைக் கட்டினார். "துணி கட்டினது செடி, கட்டாதது களை. சந்தேகம் வந்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

துணியெல்லாம் தெருக்காரர்கள் தைக்கக் கொடுத்ததில் மிஞ்சியது. "அக்கா, என் துத்தி பூத்துடுச்சா?" என்று கேட் பக்கத்தில் நின்று விசாரிக்கும் கூட்டம் அப்படிச் சேர்ந்ததுதான். எருக்கிலையை வரிவரிப் புழுக்கள் மொட்டையடித்தபோது அவர்கள் பதறினார்கள். "தின்னட்டும். அதுக்குத்தானே வெச்சேன்" என்றார் டெய்லரக்கா. சில வாரத்தில் முற்றமெங்கும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் பறந்தன.

தெருச் சங்கத் தலைவர் பட்டாம்பூச்சியைப் பார்க்கவில்லை. கேட்டோரம் பிறகு தானாக முளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாயுருவியின் விதைகள் தினமும் அவர் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டு வீடுவரை போயின. முன்முற்றங்கள் சங்கத்தின் பராமரிப்பில் இருந்ததால் கடிதம் வந்தது: சனிக்கிழமை காலை புல்வெட்டும் மெஷின் வரும். மூன்று வருட உழைப்பு அரை மணி நேரத்தில் தரைமட்டம். அந்த வாரம் டெய்லரக்கா ஒரு சட்டைக்கு வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார், வாழ்நாளில் முதல் தடவையாக.

சனிக்கிழமை மெஷின் உறுமியது. பல் டாக்டர் மனைவி நேராகப் போய்த் துத்தியின் முன்னால் நின்றார். "இது என் கவுன் துணி. கை வைக்காதீங்க." அடுத்து எதிர்வீட்டுக்காரர், தும்பைக்குக் காவலாக. கடைசியில் தலைவரின் மனைவியே எருக்கின் பக்கம் போனார். "இது நம்ம ஹால் திரைச்சீலைங்க."

மெஷின்காரர் குழம்பிப்போய் மெஷினை அணைத்தார். "நான் எதைத்தான் வெட்டுறது?"

"துணி கட்டினது செடி" என்றார் வேன் டிரைவர், கையைக் கட்டிக்கொண்டு.

"இதோ, இதுல துணி இல்லையே" என்று தலைவர் நாயுருவியைக் காட்டினார். அதற்கு மட்டும் ஆள் கிடைத்திருக்கவில்லை. டெய்லரக்கா அவர் காலைத் தையற்காரிக் கண்ணோடு பார்த்தார். "உங்க பேண்ட் தெருவைக் கூட்டுது சார், அதான் ஒட்டுது. குடுத்தனுப்புங்க, ரெண்டு இஞ்ச் குறைச்சுத் தரேன்." முதலில் சிரித்தது தலைவரின் மனைவி. மெஷின்காரர் அதற்குள் மெஷினை வண்டியில் ஏற்றியிருந்தார். டெய்லரக்காவுக்கு ஆனந்தத்தில் முந்தானை நனைந்தது.

மாலையில் பேண்ட் வந்தது. டெய்லரக்கா இரண்டு அங்குலம் வெட்டி, மடித்து அடித்து, இஸ்திரி போட்டு வைத்தார். பிறகு வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய், நாயுருவிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டினார்.