வேண்டாவின் தலையில் ஏற்றிய வயது

நான்காவதும் பெண் என்றதும் பெற்றவர்கள் வைத்த பெயர் வேண்டா. மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பெயரோடு பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கூப்பிடுகிற எவருக்கும் நாக்கு கூசுவதில்லை.

நடவு, களை, அறுப்பு என்று வயலிலேயே உழைத்தவருக்குப் போன ஆண்டு கால் ஒத்துழைக்கவில்லை. சிமெண்டு ரோட்டிலும் சேற்றில் புதைந்ததுபோல் பாதம் எழும்ப மறுத்தது. பிறகு மறதி. பிறகு புடவையிலேயே சிறுநீர். வீட்டார் அவரை மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்தார்கள். பேயின் வேலை என்று கடலோரத்துப் பேயோட்டி ஒருவன் சொல்ல, வேப்பிலைக் கொத்தால் அடிக்கவிட்டார்கள். அடித்தவனுக்குக் கோழி கிடைத்தது, அடிபட்டவருக்குக் காய்ச்சல்.

காய்ச்சலுக்குப் பார்த்த மருத்துவர்தான் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரில் படம் பார்ப்பவர் டாக்டர் ஜாக்குலின். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் குறித்த வரைபடம் ஒன்று அவருடைய மென்பொருளில் இருக்கிறது. நோயாளியின் படத்தின்மேல் மென்பொருள் அதைப் பொருத்தி, மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளைப் பிரித்தெடுத்து, கொள்ளளவைச் சொல்லும். அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும். வேண்டாவுக்கு அறுபத்தெட்டு மில்லி. எழுபத்து மூன்று வயதுக்கு இது வரம்புக்குள்தான் என்றது திரை.

"வயசானா இப்டித்தான். மிசினே சொல்லிடுச்சி, எழுந்திரு," என்றான் மகன் சரவணகுமார்.

ஜாக்குலின் வேண்டாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க வயசு என்னம்மா?"

"யாருக்குத் தெரியும்? எங்கக்கா ஜெகதாம்பா என்னவுட மூணு வயசு பெரியவ. பால்வாடில ஆயா. போன வருசந்தான் அறுபது முடிஞ்சி ரிட்டையர் ஆனா."

"அக்காவுக்கு அறுபத்தொண்ணு, தங்கச்சிக்கு எழுபத்திமூணா? நல்ல குடும்பம்ப்பா!"

முதியோர் பென்ஷனுக்காக ஆதார் எடுத்த அன்றே தாய்க்குப் பதினைந்து வயது ஏற்றியவன் மகன்தான்.

"கார்டுல கீறதையே வச்சிக்குங்க மேடம். மாத்துனா பென்ஷன் நின்னுபூடும்."

ஜாக்குலின் திரையில் வயதை ஐம்பத்தெட்டு என்று மாற்றினார். அதே படம், அதே அறுபத்தெட்டு மில்லி. இப்போது வரம்பைத் தாண்டி நின்றது. மூளையில் நீர் கோத்த நோய்க்கு அடையாளமான தளர்ந்த நடை, மறதி, அடக்க முடியாத சிறுநீர் மூன்றும் கூடவே இருந்தன. "தலையில தேங்குற நீரைக் குழாய் வச்சி வயித்துக்குள்ள வடிய விடலாம். நடை திரும்ப வாய்ப்பிருக்கு," என்றார்.

"அப்ப பென்ஷன்?"

தாய்க்கு வைத்தியம் உண்டு என்று கேள்விப்பட்டதும் ஒரு பிள்ளை கேட்ட முதல் கேள்வி இது.

"தூ!" என்றார் வேண்டா. "அதுல ஒரு ரூபா என் கண்ணுல காட்னியாடா? அந்தாளு அடிக்கும்போது என் கையப் புடிச்சிகினு நின்னவன்தான நீ? மேடம், எங்க போவணும்னு சொல்லுங்க. அக்காவ இட்டுகினு போறேன்."

அரசு மருத்துவமனையில் குழாய் வைத்தார்கள். சில மாதங்களில் வேண்டா களையெடுக்கக் கிளம்பிவிட்டார். இருப்பது அக்கா வீட்டில். கார்டில் வயதைத் திருத்தியதும் பென்ஷன் நின்றுவிட்டது. தெருவில் எதிரே வந்தால் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவர் நடையைக் கொஞ்சமும் குறைக்காமல் அவனைத் தாண்டிப் போகிறார்.