சக்திவேலிடம் மிச்சமிருக்கும் காற்று

எனக்கு இந்த மாதிரி சங்கதிகளில் நம்பிக்கை கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பாலக்காட்டுக்கு இந்தப்புறம் எங்கள் முதலமடைப் பக்கம் ஒவ்வொரு மாந்தோப்புக்கும் ஒரு முனி காவல் என்பார்கள். என் தோப்பில் மாங்காய் திருடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களை ஒரு முனியும் தடுத்துப் பார்த்ததில்லை.

என் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. வருடத்தில் பாதி நாள் அந்தமானில் ஸ்கூபா வழிகாட்டி. சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் அழைத்துப்போய், மீன் காட்டி, உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். மாந்தோப்புக்காரன் பிள்ளை இதில் எப்படி வந்து விழுந்தான் என்பது என் அப்பாவுக்கே கடைசிவரை விளங்கவில்லை, உங்களுக்கு விளக்க நான் முயலப் போவதில்லை.

இந்தத் தொழிலில் மணிக்கட்டில் ஒரு டைவ் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலேற வேண்டும் எல்லாம் அது சொல்லும். சொல்வது அதன் வேலை; படிப்பது நம் வேலை. எனக்கோ நாற்பது தாண்டியதுமே வெள்ளெழுத்து வந்துவிட்டது. மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரியும். தரையில் அது சின்ன விஷயம். கடலுக்கடியில் மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆனாலும் நான் கவலைப்பட்டதில்லை. என் மனைவி சாந்தாமணியின் தம்பி சக்திவேல் என்னோடுதான் வேலை பார்த்தான். நான் கூட்டத்துக்கு முன்னால் நீந்துவேன், அவன் பக்கத்திலேயே வருவான், என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து எண்களை விரலால் காட்டுவான். புதுசு வாங்கலாம் என்றால், "உங்களுக்கு எதுக்குங்க மாமா கம்ப்யூட்டரு, அதான் நானிருக்கறனல்ல?" என்பான். நானும் சரி, செலவு மிச்சம் என்று இருந்துவிடுவேன்.

அவனிடம் ஒரே ஒரு குறை. தண்ணீருக்கடியில் பாடுவான். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு எப்படிப் பாட முடியும் என்று கேட்காதீர்கள், அவன் பாடியதை யாரும் பாட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் சிலிண்டரின் காற்றுமானியில் முள் இறங்குவதைப் பார்த்தாலே அவன்தான் என்று சொல்லிவிடலாம். மற்றவர்களுக்கு ஒரே சீராகக் குறையும். அவனுக்கு ஒரு பெரிய இறக்கம், சற்று நிற்கும், மறுபடி ஒரு பெரிய இறக்கம். பல்லவி, அனுபல்லவி மாதிரி.

போன வருடம் மாங்காய் சீசன் முடிந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். பாதி ஆயுளைக் கடலுக்கடியில் கழித்தவன் பிளாஸ்டிக் நாற்காலியில் போனான்.

அதற்குப் பிறகு சாந்தாமணி அவனைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அந்தமான் பேச்சை எடுத்தபோது மட்டும் சொன்னாள், "வேண்டாங்க. அவன் கூட இருக்கறான்னுதான் இத்தன வருசம் உட்டேன். ஒண்டியா எறங்கற பொழப்பு நமக்கு வேண்டாம். தோப்பப் பாத்துட்டு ஊட்டுலயே இருங்க."

மனிதர்களைக் கடலுக்குள் அழைத்துப்போவதைத் தவிர எனக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது. மாமரத்தைப் பார்த்தால் எது பங்கனபள்ளி, எது அல்போன்சா என்று பழம் கனிந்த பிறகுதான் சொல்வேன். ஆகவே ஒரு சமரசம் பேசினேன். எனக்கே படிக்க வருகிற கம்ப்யூட்டர் கிடைத்தால் போகிறேன், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன்.

கொச்சியில் இந்தச் சாமான்கள் விற்கும் ஒரு பழக்கக்காரர், பரிசோதித்துப் பார்க்க இரண்டு அனுப்பிவைத்தார். ஒன்று கைக்கடிகாரம் போல அழகாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று சோப்புப் பெட்டி அளவு. சாந்தாமணி அதை அடுப்படியிலிருந்தே பார்த்து, "இது எனக்கே தெரியுதுங்களே" என்றாள். அதில் இன்னொரு வசதியும் உண்டு. சிலிண்டரில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைத் திருகிவிட்டால், எவ்வளவு காற்று மிச்சம் என்று திரையில் வரும். கூட வருகிறவர்களின் சிலிண்டரிலும் ஆளுக்கொன்று திருகினால் அவர்களுடைய காற்றும் வரிசையாகத் தெரியும். வழிகாட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? இருநூறில் ஆரம்பிக்கும், யாருக்காவது ஐம்பதைத் தொட்டால் மொத்தக் கூட்டத்தையும் மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது சட்டம். எனக்குப் பரிசோதனைக்கு வந்தது ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டர். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

எங்கள் தோப்புக்கு அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. காலையில் அங்கே போனோம். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சாந்தாமணி பிடித்துக்கொண்டாள். "நா ஒருக்கா இழுத்தா மேல வந்துரோணும், ஆமா" என்றாள். கன்றுக்குட்டியைக் கூட அவள் அத்தனை கெட்டியாகக் கட்டியதில்லை. கரையில் வேறு யாரும் கிடையாது, எதிர்ப்பக்கம் ஓர் எருமை மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

இறங்கினேன். பச்சைத் தண்ணீர், நீட்டிய கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்கள் தெரிந்தன, சத்தியமாக, பளிச்சென்று. எட்டு எட்டாகவே இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, முகமூடிக்குள் அதைத் துடைக்கவும் முடியாது. பாறையடியைத் தொட்டு நின்று மறுபடி பார்த்தேன்.

என் எண்ணுக்குக் கீழே இன்னோர் எண் இருந்தது.

எனக்கு நூற்றைம்பது. கீழே நூற்றிருபது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன், நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். எருமை ஞாபகம்கூட வந்தது. பிறகு அந்தக் கீழ் எண் குறையத் தொடங்கியது. ஒரு பெரிய இறக்கம். நின்றது. மறுபடி ஒரு பெரிய இறக்கம். நின்றது.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, நம்பினால் நம்புங்கள், எரிச்சல். 'டேய், பாடாதடா, காத்து தீந்துரும்' என்று பல வருடமாக வந்த அதே எரிச்சல். அந்த டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் தண்ணீருக்குள் நாலைந்து கை தூரம்தான் எட்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அப்படியானால் ரொம்பப் பக்கத்தில். நான் ஒன்றுமில்லாத பச்சையை நோக்கி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, 'நல்லா இருக்கியா?' என்கிற சைகையைக் காட்டினேன். ஐம்பத்தொரு வயதில், படித்தவன் என்று நாலு பேர் சொல்கிற ஆள், தண்ணீரிடம் நலம் விசாரித்துக்கொண்டு நின்றேன்.

கீழ் எண் அசையாமல் நின்றது. பாட்டை நிறுத்திவிட்டு யாரோ கவனிப்பது போல.

தொண்ணூற்றைந்தில் நின்றது. கயிறு இழுபட்டது. மேலே வந்தேன்.

சாந்தாமணியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டே ஏறினேன். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, கம்ப்யூட்டரு தெரியுதுங்களா?"

"தெரியுது."

"குமிழி ரெண்டு எடத்துல வந்துச்சுங்க. நீங்க போற பக்கமெல்லாம் கூடவே, கொஞ்சம் தள்ளி."

நான் முகமூடியைக் கழற்றித் தண்ணீரை உதறினேன்.

"மீனா இருக்கும்" என்றாள். கயிற்றைச் சுருட்டி முடித்துவிட்டு, "போயிப்போட்டு வாங்க. அந்தமானுக்கு" என்றாள். அவன் போன பிறகு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பெரியதையே வாங்கிவிட்டேன். கொச்சிக்காரரிடம் விசாரித்தேன். "ஜோடி சேர்க்காத டிரான்ஸ்மிட்டரை அது காட்டவே காட்டாது சேட்டா. சேர்த்ததேகூட சிக்னல் போனால் வெறும் கோடுதான் வரும். திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்" என்றார். நான் அனுப்பவில்லை.

இப்போதும் கடலில் இறங்கினால் என் கூட்டத்து எண்களுக்கெல்லாம் கீழே அது வருகிறது. ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது, பாடிப் பாடிக் கொஞ்சம் குறைகிறது. சாயங்காலம் சாந்தாமணி போனில் சாப்பாடு, வெயில், மாங்காய் விலை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் சும்மா கேட்பது போல, "அவனுக்கு எவ்வளவு இருக்குதுங்க?" என்பாள். நான் சொல்வேன். போன வாரம் வரை உண்மையைத்தான் சொன்னேன்.

இன்று காலை ஐம்பத்திரண்டு. ஐம்பதைத் தொட்டால் கூட வந்தவனை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். அது என் வேலை, அதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நாளைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. அவனை எங்கே கொண்டுவருவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.