டியூப் லைட்டா, சூளை நெருப்பா

தொண்ணூறுகளின் நடுவில், பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சுட்ட பானை ஓட்டைப் பொடித்து மறுபடி சூடாக்கினால், அதிலுள்ள மணல் துகள்கள் இத்தனை காலம் சேர்த்துவைத்த சக்தியை மங்கலான ஒளியாக வெளியே விடும். ஒளி கூடுதலாக இருந்தால், பானை நெருப்பைக் கண்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்று பொருள். இடையில் வெளிச்சம் பட்டால் அந்தச் சக்தி அழிந்து, கணக்கு கெட்டுவிடும். அதனால் சிவப்பு விளக்கில்தான் எங்கள் வேலை.

ஊருக்கு வெளியே, சந்தாபுரா பக்கம் ஒரு வயலில் புதைகுழிப் பானைகள் கிடைத்தன. நடுவயலிலிருந்து ஒரே ஒரு ஓட்டை வெயில் படாமல் எடுத்துக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குள் வருவதற்குள் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கே கொண்டுபோனேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த என் கணவர் விடவில்லை. "ரெண்டாயிரம் வருஷத்துப் பானைன்றே. ஒரே நிமிஷம், கண்ணுல காட்டேன்."

காட்டினேன். தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அளந்து பார்த்தபோது அந்த ஓட்டுக்கு நூறு வயதுகூட வரவில்லை. எங்கள் பிரிவின் தலைவி மெஷினைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். அதே பதில். இரண்டு நாள் பயந்துகொண்டு டியூப் லைட் விஷயத்தை மறைத்துவைத்தேன். மூன்றாம் நாள் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "மேல்தோலத்தான் சுரண்டி எடுத்துடறோமே. ஒரு நிமிஷ டியூப் லைட் இவ்ளோ அழிக்குமா?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஓடு ரொம்ப மெல்லிசுதான். நடம்மா, எடத்தைப் போய்ப் பாக்கலாம்."

வயல்காரர் பாதி கன்னடம், பாதி தமிழில் பேசினார். "நம்ம அஜ்ஜா, தாத்தா காலத்துல இந்த நடுவுல செங்கல் சூளை இருந்துச்சு மேடம். மாசக்கணக்குல எரியும்."

தலைவி சிரித்தேவிட்டார். சூளைச் சூட்டில் மண்ணுக்குள் இருந்த பானையும் மறுபடி வெந்திருக்கும். மெஷின் சொன்னது அந்த நெருப்பின் வயது. வரப்போரத்தில், சூளை இல்லாத இடத்தில் இன்னொரு ஓட்டை அதேபோல் எடுத்தோம். துணியைப் பிரிக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அது எதிர்பார்த்தபடியே இரண்டாயிரத்தைத் தாண்டியது.

"பாத்தியா? ஒன் தப்பு இல்ல," என்றார்.

எனக்கோ குழப்பம் கூடிப்போனது. "மேடம், ரெண்டாவது ஓட்டுல சூளை நெருப்பும் படல, டியூப் லைட்டும் படல. அப்போ மொதல் ஓடு எதனால கெட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

வெளிச்சம் படாமல் எடுத்து அளந்துபார்க்க, சூளை இருந்த இடத்தில் வேறு ஓடும் இல்லை. கடைசியில் அவர், "ரெண்டையுமே எழுதிடு," என்றார்.

எழுதினேன். என் தப்பை என் கையாலேயே அறிக்கையில் எழுதியபோது காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்னாச்சு, என்னாலதானா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. "முக்கால்வாசி சூளைதான்," என்றேன்.

"மீதி?"

"தெரியல."

அவர் எழுந்து போய் டியூப் லைட்டை அணைத்தார்.