கெசியாவுக்காகப் பதில் சொன்னவள்

மலையடிவாரத்தில், பேருந்து நிலையத்துக்குத் திரும்புகிற முனையில் தபிதாளின் இட்லி வண்டி நிற்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்கி வருகிறவர்கள், கொப்பரையிலிருந்து எழும் ஆவியைப் பார்த்ததும் நேராக அங்கேதான் வருவார்கள். அன்றைக்கும் நல்ல கூட்டம். சட்னி ஊற்றிக்கொண்டே நிமிர்ந்த தபிதாள், ஹெப்சியின் ஸ்கூட்டர் போவதைப் பார்த்தாள். பின்னால் கெசியா. தபிதாள் பெற்ற ஒரே மகள். ஹெப்சியின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு என்னமோ சொல்கிறாள், சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அந்த வாய் மூடவில்லை.

"யம்மா, கை! கை மேல ஊத்தற!" என்று கத்தினார் தட்டு நீட்டியவர்.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த தமயந்தி சிரித்துவிட்டாள். "உம் பொண்ணுதான க்கா அது? வூட்ல வாயே தொறக்கறதில்லன்னு அழுதுகினு இருந்த. அங்க பாரு, ரேடியோ மாதிரி போவுது."

"சண்டே ஸ்கூல் டீச்சரு. பாடத்தப் பத்தி பேசிகினு போவாங்க" என்றாள் தபிதாள்.

"பாடத்துக்கா அம்மாம் சிரிப்பு?"

தபிதாள் அடுத்த தட்டை எடுத்து இட்லி வைத்தாள். நெஞ்சில் பச்சை மிளகாய் பட்டது போல எரிந்தது. ஆண்டவரே, இது என்ன, ஒரு நல்ல பிள்ளையின் மேல் எனக்கு ஏன் இப்படி வருகிறது என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள். கேட்டதால் எரிச்சல் குறையவில்லை.

தபிதாள் திருவாலங்காட்டுக்காரி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவள். பதினைந்து வயதில் அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்தது. குழந்தையாக ஞானஸ்நானம் கொடுக்கும்போது, விசுவாசிக்கிறேன் என்று பிள்ளைக்காகப் பெற்றவர்கள் சொல்வார்கள். வளர்ந்தபின் அதையே பிள்ளை தன் வாயால் சபைக்கு முன் சொல்லி, முழங்காலில் நின்று, பேராயரின் கையைத் தலைமேல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் நற்கருணை, அதற்கப்புறம்தான் சபையில் பெரிய ஆள். தபிதாளிடம் அவள் அப்பா, "கேட்டா ஆமான்னு சொல்லு" என்றார். சொன்னாள். அன்றைக்குக் கட்டியிருந்த வெள்ளைப் புடவைகூடச் சித்தியினுடையது. அடுத்த வருஷம் எலியேசரைக் கட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்கு வந்துவிட்டாள். அதையும் அவளைக் கேட்டு யாரும் செய்யவில்லை.

கெசியா பிறந்து, நடந்து, ஓடி, வெகுநாள் வரைக்கும் பேச்சு வரவில்லை. ஊமையோ என்று ஊரே பார்த்தது. தபிதாள் வேலூருக்கும் சென்னைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து அழுது ஜெபித்தாள். "பாப்பா பேர் என்ன?" என்று யார் கேட்டாலும், பிள்ளை விழிப்பதற்குள் இவள் சொல்லிவிடுவாள். பசிக்கிறதா, ஊசி வலித்ததா, எந்த வகுப்பு, எல்லாவற்றுக்கும் தாயின் வாய்தான். பிறகு பேச்சு வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பில் பல் வலி என்று போனபோதுகூட, "எந்தப் பல்லும்மா?" என்று கெசியாவைக் கேட்ட டாக்டருக்கு, "கீழ் வரிசை, உள்ளார கடைசிங்க" என்று தபிதாள்தான் சொன்னாள்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் மட்டும் பிள்ளை தன் வாயால் பேசுவாள். சின்னதாக இருக்கும்போது அவள் ஜெபம் முடியவே முடியாது. அடுத்த வீட்டுக் கன்றுக்குட்டிக்காக, கணக்கு வாத்தியாரின் கால் வலிக்காக, தோழியின் சாக்பீஸை எடுத்து வைத்துக்கொண்டதற்கு மன்னிப்புக்காக. தபிதாள் கண்ணை மூடிக்கொண்டே மகளின் நாள் முழுவதையும் தெரிந்துகொள்வாள். இப்போது கெசியாவுக்குப் பதினேழு நடக்கிறது. ஜெபம் ஒரு வரியாகிவிட்டது. "நன்றி ஆண்டவரே, எல்லாரையும் காப்பாத்தும், ஆமென்." அதற்குள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

சாத்தாத கதவு ஹெப்சியிடம் இருந்தது. ஹெப்சி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், முப்பதைத் தொடாதவள், திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவளும் அவள்தான். கெசியா அவளைப் போலவே வகிடு மாற்றினாள். அவளைப் போலவே சர்க்கரை இல்லாமல் டீ குடித்தாள். ஏதாவது கேட்டால் அவளைப் போலவே, "பரவால்ல, வுடுங்க" என்றாள். தாய்க்குப் போய் 'வுடுங்க'! தபிதாள் பதினெட்டுக் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே 'வுடுங்க'.

கெசியாவின் திடப்படுத்தலுக்கென்று ஒரு வெள்ளைப் புடவையைத் தபிதாள் எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். வெள்ளையிலேயே மெல்லிய கரை. இரவல் இல்லாத புடவை. மகளின் முன்னால் முழங்காலிட்டு அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தன் கையால் நீவிவிடுவதை மாவு ஆட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். ஒருநாள் கெசியா வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆங், மறந்துட்டேன். புடவைய ஹெப்சிக்கா கட்டி வுடறாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஹெப்சி வண்டிக்கு வந்து இட்லி கேட்டபோது, தபிதாளின் கை தானாகத் துணியில் ஒட்டிப் பிய்ந்துபோன இட்லிகளைப் பொறுக்கியது. அடுத்த நாளும்.

"இன்னா க்கா இது, அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒடஞ்சதா பாத்து வெக்கற?" என்றாள் தமயந்தி, ஹெப்சி போனதும்.

"ஒடஞ்சாலும் இட்லி இட்லிதான?"

"அப்டியா? எனக்குக் குடேன் ஒருநாளு ஒடஞ்சத. நானும் உம் பொண்ணோட சிரிச்சிப் பேசறேன்."

தபிதாளுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மூன்றாம் நாள் ஹெப்சிக்குப் போனது பிய்ந்த இட்லிதான்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஹெப்சி ஜெபித்தாள். "ஆண்டவரே, திடப்படுத்தலுக்கு நிற்கப் போகிற ஒரு மகள் மனக் குழப்பத்தில் இருக்கிறாள். அவள் சொல்லப் போகும் வார்த்தை அவளுடையதா, வீட்டார் சொல்லிக் கொடுத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைத் திடப்படுத்தும்."

பேரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் நிற்பது மூன்று பையன்கள், ஒரே பெண். வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களின் கண்கள் அரைவாசி திறந்து தபிதாளைப் பார்த்து மூடின. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகளின் விசுவாசம் ஆடுகிறது என்பது அவளுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது, அது தனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும் என்பது.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் தபிதாளின் முறை வந்தது. "கர்த்தாவே, பெத்த தாய்கிட்ட மறைச்சி, ஊரார்கிட்ட மனசத் தொறக்கற பிள்ளைங்களுக்கு நல்ல புத்தியக் குடும். ஊமையா கெடந்தப்போ யாரு தூக்கிகினு அலைஞ்சாங்கன்னு அவங்களுக்கு ஞாபகப்படுத்தும். ஸ்கூட்டர்ல ஏத்திகினு போறவங்களுக்கும்..."

ஷேர் ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்திருந்த எலியேசர் ஒரு கண்ணைத் திறந்தார். "தபிதா, நீ ஆண்டவர்கிட்ட பேசறியா, அவகிட்ட பேசறியா? எனக்குப் பசிக்குது."

"நான் ஜெபம் பண்றேன்."

"ஸ்கூட்டர் நம்பரையும் சொல்லிடு. ஆண்டவரு தேடாம கண்டுபுடிச்சிடுவாரு."

கெசியா சிரிக்கவில்லை. எழுந்தாள். "நைனா, எனக்கும் சேத்து அம்மாவே ஆமென் சொல்லிடும். எப்பவும் அதான சொல்லுது" என்றாள். கதவு சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

திடப்படுத்தல் ஞாயிறுக்கு முந்தின வாரம் பிள்ளைகளைப் போதகர் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். பெற்றோர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் மூவரும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டுத் தப்பித்தோம் என்று நகர்ந்தார்கள். ஹெப்சி பக்கத்தில் நின்று, கெசியாவுக்குக் கண்ணால் தைரியம் சொன்னாள். அந்தக் கண் ஜாடையைப் பார்த்ததும் தபிதாளுக்குப் பழைய எரிச்சல் எழுந்தது.

ஜெரால்ட் போதகர் கேட்டார்: "கெசியா, உன் ஞானஸ்நானத்தில் உனக்காகப் பெற்றோர் சொன்னதை இப்போது நீயே ஏற்றுக்கொள்கிறாயா?"

கெசியா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. பிள்ளைக்குப் பேச்சு நின்றால் தபிதாளுக்குத் தாங்காது.

"ஆங், ஏத்துக்கிறா ஐயா" என்றாள் பின் பெஞ்சிலிருந்து.

பையன்கள் குபுக்கென்று சிரித்தார்கள். போதகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குத் திடப்படுத்தல் ஏற்கெனவே ஆயிடுச்சும்மா" என்றார்.

கெசியா திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு போதகரிடம், சத்தம் குறைவாக ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "இந்த வருஷம் வேணாங்க ஐயா."

"கெசி!" என்றாள் ஹெப்சி. "நேத்துகூட சரின்னு சொன்ன. எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

அந்தக் குரல் தபிதாளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். தன் நெஞ்சுக்குள் இத்தனை நாளாகக் கேட்ட குரல். இவளுக்கும் தெரியாது! இவளிடமும் சொல்லவில்லை! ஒரு நொடி தபிதாளுக்குள் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இனித்தது. சபைக்குள் உட்கார்ந்துகொண்டு, மகள் விசுவாசத்தில் தடுமாறி நிற்கும்போது, தனக்கு இனிக்கிறதே என்று அடுத்த நொடியே உடம்பு கூசியது.

"ஏம்மா, என்ன காரணம்?" என்றார் போதகர்.

"நான் சின்னதிலிருந்து ஜெபம் பண்றேங்க ஐயா. அது நான் பண்றதா, அம்மா பண்றதான்னு எனக்கே பிரியல. ஹெப்சிக்கா சொன்னா அவங்க சொல்றது சரின்னு படுது. வூட்டுக்குப் போனா அம்மா சொல்றது சரின்னு படுது. என்னுதுன்னு இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு வரேன். வரமாட்டேன்னு சொல்லல."

"பேராயருக்கு எழுதியாச்சு ஐயா, ஒரே பொண்ணு, நான் பேசிப் பாக்கறேன்" என்று ஹெப்சி படபடத்தாள். போதகர் கையமர்த்திவிட்டுப் பின் பெஞ்சைப் பார்த்தார். "தாயார் நீங்க என்ன சொல்றீங்க?"

தபிதாளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. புடவையைப் பற்றி, வேலூர் வராந்தாவைப் பற்றி. கேட்டா ஆமான்னு சொல்லு என்று தன் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சொன்ன ஆமாம் வெறும் வாய் ஆமாம். அது அவளுடையதானது எத்தனையோ வருஷம் கழித்து, பேசாத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுத வராந்தாவில்தான். யாரும் அங்கே வெள்ளைப் புடவை கட்டிவிடவில்லை. ஹெப்சி கெஞ்சுகிற பக்கம் தான் நிற்கக் கூடாது என்ற பிடிவாதமும் அவளுக்குள் கொஞ்சம் இருந்தது. அது ஆண்டவருக்குத் தெரியும்.

"அவளக் கேளுங்க ஐயா" என்றாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஹெப்சி ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தாள். சாவி கையில்தான் இருந்தது. "எல்லாமே எங்கிட்ட சொல்வான்னு நெனச்சேங்க்கா" என்றாள்.

தபிதாளுக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. ரொம்ப இல்லை, கொஞ்சம். "நாளைக்கு வண்டிக்கு வாம்மா" என்றாள். மறுநாள் ஹெப்சிக்கு முழு இட்லிகள் போயின. தமயந்தி பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பையன்கள் முழங்காலில் நின்றார்கள். ஊர்க் கண் முழுவதும் முதுகில் பட, தபிதாள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கெசியாவை ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் வீட்டு ஜெபத்தில் குத்திப் பேசவும் இல்லை. மகளின் முறை வரும்போது அவள் சொல்லும் ஒரு வரியை முழுசாகக் கேட்டாள். சில நாள் அது இரண்டு வரியானது. சில நாள் ஒன்றுமேயில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கெசியாவின் பள்ளியில் வழியனுப்பு விழா. எல்லாப் பெண்களும் புடவையில் வர வேண்டுமாம். "அந்த வெள்ளையவே கட்டிக்கிறேம்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கெசியா உள்ளே போனாள். தபிதாள் ஊக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளிருந்து கைபேசியில் யாரோ ஒரு பெண், இப்படி மடியுங்கள், இப்படிச் செருகுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெப்சி போய் இப்போது இவளா! முகம் தெரியாத அந்தக் குரல் மேலும் தபிதாளுக்குப் பொறாமை வந்தது. மன்னியும் ஆண்டவரே என்றாள். ஊக்கு உள்ளங்கையில் குத்தியது.

கதவு திறந்தது. மடிப்புகள் ஒருபக்கமாகச் சாய்ந்து, கரை கீழே ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. தபிதாளின் கை மடிப்பை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"தோள்ல பின்னாடி எட்டல. அங்க மட்டும் ஒரு ஊக்கு குத்தும்மா" என்று கெசியா முதுகைக் காட்டினாள்.

குத்தினாள். அங்கே மட்டும்.

மலையடிவாரத்தில் தோழிகளோடு அவள் பேருந்துக்கு நடந்தபோது தமயந்தி எட்டிப் பார்த்தாள். "புடவ நல்லா கீது. மடிப்புதான் கோணிகினு கீது. இன்னா க்கா, நீ கட்டி வுடலியா?"

தபிதாள் கொப்பரையின் மூடியைத் தூக்கினாள். ஆவிக்குள் முகம் மறைந்தது.

"அவளே கட்டிகினா" என்றாள்.