அரக்கு வைத்த இன்ஜினும் செங்கம் சம்பந்தமும்

சம்பந்தம் இறந்துவிட்டார் என்று செங்கத்திலிருந்து மலையேறி வந்த பஸ் கண்டக்டர்தான் சொன்னார். நான் நம்பவில்லை. அவருடைய இன்ஜின் கடைக்கு எதிரே இன்னொரு கடை வந்த நாள் முதல் அவரைப் பற்றி எத்தனையோ கதைகள் கிளம்பின. கடையை மூடப் போகிறார் என்றார்கள், ஊரைவிட்டே போய்விட்டார் என்றார்கள். இதுவும் அந்த வகையாக இருக்கும் என்று நினைத்து, "நீ கண்ணால பாத்தியாப்பா?" என்று கேட்டேன். "மாலை போட்டுட்டுதாங்க வர்றேன்" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவரிடம் டீசல் இன்ஜினோ டிராக்டரோ வாங்கிய உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாவது வரை படித்தவன் நான். ஏமாறாமல் இருக்க அந்தப் படிப்பு போதாது. ஊரையே சந்தேகப்படத் தாராளமாகப் போதும்.

கிணற்றுக்கு அவரிடம் ஒரு டீசல் இன்ஜின் வாங்கினேன். சர்வீசுக்கு வரும் மெக்கானிக்குகள் புதுச் சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டுப் போவார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அன்றே தபால் பைக்கு வைப்பதுபோல அரக்கை உருக்கி, இன்ஜினில் திறக்க முடிகிற இடத்துக்கெல்லாம் முத்திரை வைத்தேன். வேல் போட்ட என் மோதிரத்தால் அழுத்தினேன். டீசல் தொட்டியின் மூடியையும் விடவில்லை. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இன்ஜினுக்குப் பொட்டு வெச்சு முடிச்சிட்டீங்களா? பூ வாங்கியாரட்டா?" என்றாள்.

மறுநாள் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. மறுபடி கைப்பிடியைச் சுற்றினால் கொஞ்சம் இருமியது, நின்றது. தொட்டியைத் தட்டிப் பார்த்தேன், டீசல் இருந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். அந்த வயல் காய்ந்தால் வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அரிசிச் சோறு கிடையாது. ஆனாலும் நான் ஒரு முத்திரையையும் உடைக்கவில்லை. அதுதானே சாட்சி! விற்கும்போதே பழுதான இன்ஜினைத் தள்ளிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மைத்துனன் குப்பனைக் கூட்டிக்கொண்டு செங்கத்துக்குப் போய் இறங்கினேன். கடையில் ஆள் இருக்கும்போதே, "இன்னா மொதலாளி, நல்லதைக் காட்டிட்டு ஓட்டை இன்ஜினை ஏத்தி வுட்டீங்களே!" என்று சத்தம் போட்டேன். விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர் மெல்லச் செருப்பைத் தேடினார்.

சம்பந்தம் அவரைத் தடுக்கவும் இல்லை, என்னை அடக்கவும் இல்லை. "நல்லா சந்தேகப்படுங்க கவுண்டரே. ஆனா என் எதிர்ல படுங்க. வூட்டுல போய் படாதீங்க" என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "பயிரு எப்படி இருக்குது?"

"பால் புடிக்குது. தண்ணி இல்ல."

பையை எடுத்துக்கொண்டு எங்களோடு அதே பஸ்ஸில் ஏறிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வருகிறாரே, ஏதோ விஷயம் இருக்கிறது என்று வழியெல்லாம் அவர் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிணற்றடியில் பாதி ஊர் கூடியிருந்தது. இன்ஜினைப் பார்த்ததும் அவர் நின்றார்.

"இதெல்லாம் இன்னாங்க?"

"முத்திரை."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

தலையாட்டினார். "தொட்டி மூடியை மட்டும் நீங்களே உடைங்க. நான் தொடல."

உடைத்துத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். குப்பன் கைப்பிடியைச் சுற்றினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது, நிற்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

எனக்கு அதுவும் சந்தேகம். "நீங்க வந்ததும் ஓடுதே, கையில இன்னா வெச்சிருக்கீங்க?" என்றேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, தள்ளிப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். "மொதல்ல பயிரு குடிக்கட்டும். அப்புறம் மறுபடியும் அரக்கு வெச்சுப் பாருங்க."

வயல் நிறைந்த பிறகு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. உடைத்தேன். ஓடியது. மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறதாம். டீசல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். அதைத்தான் நான் அரக்கால் அடைத்திருந்தேன்.

"மாமா, அதோட மூக்கைப் புடிச்சிக்கினு, ஏன்டா மூச்சு வுடலன்னு செங்கம் வரைக்கும் சண்டைக்குப் போனீங்களா!" என்றான் குப்பன். ஊரே சிரித்தது. சம்பந்தம் சிரிக்கவில்லை. "அந்த ஓட்டை எதுக்குன்னு விக்கும்போதே நான் சொல்லியிருக்கணும். பாதி தப்பு என்னுது" என்றார். மீதிப் பாதி யாருடையது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு, இன்ஜின் வாங்க வருகிற ஒவ்வொருவரையும் அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைக்கச் சொல்லி, இன்ஜின் நின்றுபோவதைக் காட்டித்தான் அவர் விற்றார். உங்களில் பலருடைய விரலும் அங்கே பட்டிருக்கும். என் பெயரைச் சொல்லித்தான் வியாபாரம் நடக்கிறதோ என்று ஒருநாள் டிராக்டர் மறைவில் நின்று கேட்டேன். "எவன்யா இதைப் போய் அடைப்பான்?" என்று ஒருவர் கேட்டார். "எல்லாரும்தாங்க. சொல்லிக் குடுக்கலன்னா நானும் அடைப்பேன்" என்றார் சம்பந்தம்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்ஜினுக்கு எதுனா ஆச்சுன்னா சொல்லி அனுப்புங்க, நான் வர்றேன்" என்றான். மேலும் கீழும் பார்த்தேன். அப்பா மேல் வந்த நம்பிக்கை மகன் மேல் உடனே வந்துவிடுமா? வெளியே வந்து குப்பனிடம் முணுமுணுக்க வாயெடுத்தேன். அது சரியில்லை என்று பட்டது. திரும்பிப் போய், "உங்க அப்பா மாதிரி அன்னைக்கே வருவியா, இல்ல ஆள் அனுப்பிச்சிட்டு உக்காந்துக்குவியா?" என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

சம்பந்தத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.