அக்காவைப் பார்க்க ஒரு விசா

முதல் தடவை அமெரிக்க விசா மறுக்கப்பட்ட அன்று என் தோழி வீட்டுக்குப் போகாமல் நேரே வேலைக்கு வந்தார். வலைத்தொப்பி போட்டு, கைகளைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, பண்டங்கள் ஓடிவரும் பெல்ற்றின் மறுபக்கத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டார். அது ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் மஃபின் சுடும் ஒரு பேக்கரி. ஆறி வரும் மஃபின்களைப் பெட்டிகளில் அடுக்குவது எங்கள் வேலை. எதிரெதிரே நிற்பதால் ஒருவர் முகத்தை மற்றவர் வாசிக்கப் பழகியிருந்தோம். அன்று அவருடைய உதடுகள் இறுகிப்போயிருந்தன.

"தரேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. திரும்பவும் கேப்பன்."

அவர் ரஷ்யாக்காரர். வொல்கா ஆற்றங்கரை ஊரொன்றில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். விவாகரத்துக்குப் பிறகு, நாற்பது வயதை நெருங்கும்போது, தானே விண்ணப்பம் போட்டுத் தனியாக ரொறன்ரோவுக்குக் குடிவந்தவர். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கணவர் ஸ்பொன்சர் செய்து இலங்கையிலிருந்து வந்திருந்தேன். டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தோம். எனக்கும் தோழிக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டும்தான். ஆனால் அவர் சொன்னவை எல்லாம் எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரேயொரு தமக்கை, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவில். ரொறன்ரோவிலிருந்து காலையில் காரில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். ஆனால் தமக்கை அமெரிக்காவில் அகதிக் கோரிக்கை வைத்து முடிவுக்குக் காத்திருந்தார். வழக்கு முடியும் முன் வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே போக முடியாமல் போகலாம். என் தோழியிடம் இருந்ததோ ரஷ்யக் கடவுச்சீட்டு. கனடாவில் நிரந்தரமாக வாழ அனுமதி இருந்தாலும், அந்தக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் அமெரிக்காவுக்குள் போக முடியாது.

முந்தைய இலையுதிர் காலத்தில் ஊரில் அவர்களுடைய தாய் இறந்திருந்தார். செய்தி வந்து சேரும்போது அடக்கம் முடிந்துவிட்டது. அதன்பிறகு சகோதரிகள் இருவரும் தொலைபேசியில் மட்டும்தான் பேசினார்கள்.

"போனில அழ ஏலாது," என்றார் ஒருநாள், சாப்பாட்டு அறையில். "ஒராள் அழத் தொடங்கினா மற்றாள் ஆறுதல் சொல்லவேண்டிக் கிடக்கு. ரெண்டு பேரும் ஒண்டா அழவேணும். ஒரே மேசையில இருந்து."

எனக்கு அதை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்த காலத்தில் என் அப்பா போய்ச்சேர்ந்தார். நானும் செய்தியை மட்டும்தான் பெற்றவள்.

அந்த அறையில் வைத்துத்தான் நான் வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டேன். பஃபலோவில் என் மைத்துனியின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் போய்வந்த கதை. "விசா எடுக்க எவ்வளவு காலம் செண்டது?" என்று தோழி கேட்டார்.

"எங்களுக்கு விசா தேவையில்லை," என்றேன்.

உண்மை அதுதான். அந்த நாட்களில், பிரிட்டிஷ்காரன் ஆண்டுவிட்டுப் போன பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் கனடாவில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தால் விசா இல்லாமலே அமெரிக்காவுக்குப் போய்வரலாம். இலங்கையும் அதற்குள் அடக்கம். கனடாவில் குடியேறியதைக் காட்டும் லாண்டிங் பேப்பரை நீட்டிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்.

தோழி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "உன்ர நாட்டில சண்டை. சின்னத் தீவு. நீ போகலாம். என்ர நாடு வானத்துக்கு ரொக்கெற் விட்டது. நான் போக ஏலாது." பிறகு சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

மார்ச் மாதம் இரண்டாவது தடவையும் மறுத்தார்கள். தனியாள், கனடாவுக்கு வந்து அதிக காலமில்லை, போனால் திரும்பி வருவாரா என்பது சந்தேகம். முதல் தடவை சொன்ன அதே காரணம்தான். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பாலிருந்த அதிகாரி மரியாதையாகவே சொன்னாராம். "மரியாதையாச் சொல்லேக்க கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு," என்றார் தோழி.

அடுத்த கிழமை புதுத் திட்டம் ஒன்றோடு வந்தார். பிரேக் நேரத்தில் சாப்பாட்டு மேசையில் நயாகரா ஆற்றின் வரைபடத்தை விரித்தார். நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஆறு ஒடுங்கிப் போகிறது. கனடாப் பக்கம் குயின்ஸ்ரன் என்ற சின்ன ஊர். நேரெதிரே அமெரிக்கப் பக்கம் லூயிஸ்ரன். இரண்டு ஊரையும் ஒரு பாலம் இணைக்கிறது; இரண்டு ஊரிலும் தண்ணீர் வரைக்கும் இறங்கலாம்.

"அவ அந்தக் கரையில நிப்பா. நான் இந்தக் கரையில நிப்பன். ஆளையாள் பாக்கிறதுக்கு ஆரிட்டையும் விசா கேக்கத் தேவையில்லை."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோபாவில் சாய்ந்திருந்து ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன விசர் வேலை? ஆத்துக்கு அங்கால நிண்டு கையைக் காட்டவோ காரெடுத்துக்கொண்டு போறது?"

"ஓம், அதுக்குத்தான். நீங்கள் வரேல்லையெண்டால் நாங்கள் பஸ்ஸில போறம்."

"குயின்ஸ்ரனுக்கு எங்கையப்பா பஸ்?" என்றார். ஹொக்கியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "ஞாயிறு வெள்ளன வெளிக்கிடவேணும். அவவுக்குச் சொல்லும்," என்றார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. பனி கரைந்துவிட்டது, குளிர் போகவில்லை. குயின்ஸ்ரனில் காரை நிறுத்திச் சரிவான பாதையால் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். தண்ணீர் பச்சையாக, சுழித்துக்கொண்டு ஓடியது. மறுகரை நான் நினைத்ததைவிடக் கிட்ட இருந்தது. அங்கே ஒரு படகுத்துறை. துறையின் நுனியில் சிவப்புத் தலைத்துண்டு கட்டிய ஒரு பெண்.

என் தோழி ஓடினார். அவர் ஓடுவதை நான் முதன்முதலில் அன்றுதான் கண்டேன். தண்ணீர் விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினார். மறுகரையில் சிவப்புத் துண்டு கழன்று கைக்கு வந்தது, அவரும் வீசினார். இருவரும் கத்தினார்கள். காற்று எல்லாவற்றையும் ஆற்றோடு அள்ளிக்கொண்டு போனது. ஒரு சொல்கூட விளங்கவில்லை. கத்துவதை விட்டுவிட்டு வெறுமனே நின்றார்கள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையோரக் கல் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

தோழி ஒரு பை கொண்டுவந்திருந்தார். அதற்குள் தாயின் கம்பளிச் சால்வை இருந்தது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரி யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட, அது கைமாறிக் கைமாறி ரொறன்ரோவுக்கு வந்திருந்தது. அக்காவுக்கு அதைத் தூரத்திலிருந்து காட்டவென்று கொண்டுவந்தாராம். அதை விரித்துத் தூக்கிப் பிடித்தபோது மறுகரைப் பெண் துறையில் அப்படியே குந்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சால்வையைத் தாங்கோ," என்றேன். "நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

தோழி சால்வையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான் விசா தேவையில்லையே. பாலத்தால போய் இறங்கினால் அக்கா நிக்கிற இடம். இஞ்சையே நில்லுங்கோ, அசையாதேங்கோ."

என் கணவர் கார்ச் சாவியை எடுத்தார். லாண்டிங் பேப்பர்களை நான் கைப்பையில் கொண்டுவந்திருந்ததைப் பார்த்து, "நீர் முதலே யோசிச்சுத்தான் வந்திருக்கிறீர்," என்று மட்டும் சொன்னார். நான் சால்வையை மடித்துக் கையில் எடுத்தேன்.

பாலத்தின் மறுமுனையில் அமெரிக்க அதிகாரி குனிந்து எங்களைப் பார்த்தார். எங்கே, எவ்வளவு நேரம், என்ன கொண்டுபோகிறீர்கள் என்றார். "ஒரு சால்வை," என்றேன். "என்னுடைய சிநேகிதியின் அக்காவுக்கு. அவ ஆற்றங்கரையில் நிற்கிறா." அவர் காகிதங்களைப் புரட்டினார். சால்வையை வாங்கி உதறிப் பார்த்தார். பிறகு கவனமாக மடித்தே திருப்பித் தந்தார். போகச் சொன்னார்.

படகுத்துறையில் தமக்கை எங்களை நோக்கி நடந்து வந்தார். என் தோழியேதான், ஐந்தாறு வயது கூடிய தோழி. அதே உயரம், அதே தாடை. சால்வையைக் கொடுத்தேன். முகத்தை அதற்குள் புதைத்து மணந்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். முன்பின் தெரியாத ஒருவரை அப்படி இறுக்கி யாரும் பிடிப்பதில்லை. எனக்கு மூச்சு முட்டியது. விடும்போது மறுகரையைக் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில், "இதை அவளுக்குக் குடு," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஆற்றுக்கு அப்பால் என் தோழி நான் சொன்னபடியே நின்றார். அங்கிருந்து பார்க்க மிகவும் சிறியவராகத் தெரிந்தார்.

மறுபடி பாலம், மறுபடி கேள்விகள். குயின்ஸ்ரனில் காரை விட்டிறங்கியதும் நேரே போய், எனக்குக் கிடைத்ததை அதே இறுக்கத்தோடு அவருக்குக் கொடுத்தேன். எனக்கு இப்படியெல்லாம் ஆட்களைக் கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் சாவீட்டில்தான் அப்படிப் பிடிப்பார்கள். அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அவ மெலிஞ்சு போனாவோ?" என்று கேட்டார். மெலியவில்லை, பலமாகத்தான் இருக்கிறா என்றேன். என் விலா எலும்புதான் சாட்சி என்றேன்.

திரும்பும் வழியில் அவர் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் வந்தார். ஹமில்ரன் தாண்டியதும் முன்னே சாய்ந்து, "காணாது," என்றார். "தூரத்தில நிண்டு பாத்தது எனக்குக் காணாது. திரும்பக் கேக்கப் போறன்."

இந்த முறை அவர் முந்திய மாதிரிப் போகவில்லை. தொழிற்சங்கத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு பெண்ணிடம் போய், அதிகாரிக்கு உண்மையில் என்ன சந்தேகம் என்று கேட்டறிந்தார். இரவில் கல்விச்சபை வகுப்பொன்றில் பதிந்தார்; இங்கே கணக்குப் படிப்பிக்கத் தகுதி பெறும் வழி அதில் தொடங்கியது. அதை விசாவுக்காகச் செய்யவில்லை, எப்படியும் செய்யவேண்டியதுதான் என்றார். பெல்ற்றில் நின்றபடி என்னை அதிகாரியாக வைத்துப் பேசிப் பழகினார்.

"நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள்?" என்று மஃபின் பெட்டிக்கு மேலால் கேட்பேன்.

முதலில் நீளமாகச் சொன்னார். "கூடப் பேசினால் பொய் மாதிரிக் கிடக்கு," என்றேன். நாளாக நாளாகப் பதில் குறுகியது.

கோடை தொடங்கியபோது மூன்றாவது தடவை போனார். யூனிவர்சிற்றி அவெனியூவில் துணைத் தூதரகத்துக்கு முன்னால் காலையிலேயே வரிசை நின்றது. விண்ணப்பதாரியைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய், கொஞ்சம் தள்ளியிருந்த கோப்பிக் கடையில் யன்னலோரம் உட்கார்ந்தேன். வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நேரம் போகப் போக, இந்த முறையும் இல்லையென்றால் அவரிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன்.

வெளியே வந்தவர் சாதாரணமாகத்தான் நடந்து வந்தார். கடைக்குள் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கேட்டவரோ?" என்றேன்.

"கேட்டவர். ஏன் திரும்பி வருவீர்கள் எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"என்ர அக்கா ஒரு அறையில இருக்கிறா, நான் போனால் சோபாவிலதான் படுக்கவேணும். அவவிட்டை எனக்குத் தாறதுக்கு ஒண்டுமில்லை. எனக்கு இஞ்சை வேலை இருக்கு, வகுப்பு இருக்கு, இன்னும் கொஞ்சக் காலத்தில குடியுரிமை கேக்கலாம். நான் கணக்கு வாத்தியார். அவ்வளத்தையும் குடுத்திட்டு ஒரு சோபாவை வாங்குவனோ எண்டு கேட்டன். ரெண்டு நாள் போதும், அம்மாவுக்காக அழவேணும் எண்டன்."

"அதுக்கு?"

"பின்னேரம் வந்து பாஸ்போட்டை எடுக்கச் சொன்னவர்."

நான் போட்ட சத்தத்தில் கோப்பிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒரேயொரு தடவை போய்வரும் விசா. சனிக்கிழமை என் கணவர் எங்களை நயாகராவுக்குக் கொண்டுபோனார். பஃபலோ வரைக்கும் காரிலேயே கொண்டுபோய் விடுகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம், தோழி கேட்கவில்லை. நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துப் பாலத்தால் நடந்துதான் போவேன், மறுமுனையில் அக்கா நிற்பா என்றார். அன்று சுற்றுலாக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நீர்வீழ்ச்சியின் தூவானம் பாலம் வரைக்கும் வந்தது. ஒரு சின்னப் பை, அதற்குள் ஒரு மாற்றுடுப்பு. கையில் கடவுச்சீட்டு, விசா இருந்த பக்கத்தில் விரலை வைத்தபடி.

"நீயும் வாவன், உனக்கென்ன?" என்றார்.

"போட்டு வாங்கோ," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாலத்தின் நடுவில் புகைப்படம் எடுப்பவர்களை விலக்கிக்கொண்டு, வேகம் குறையாமல். கூட்டத்தில் மறையும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே விட்டார்களா என்று எனக்கு அன்றிரவு தொலைபேசி வரும்வரை தெரியாது. மணி அடித்ததும் எடுத்தேன். பின்னால் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் ரஷ்ய மொழியில் பேசுவது கேட்டது. எனக்கு வேறு தகவல் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை அவர் தன் இடத்தில் நின்றார். கண் வீங்கியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"என்ன செய்தனீங்கள் ரெண்டு நாளும்?"

"சண்டை பிடிச்சம்," என்றார். "அம்மாட்டை ஆர் போயிருக்கவேணும் எண்டு. விடியும்வரைக்கும். பக்கத்து வீட்டுக்காரன் சுவரில தட்டினவன். பிறகு அவ அப்பம் மாதிரி ஒண்டு சுட்டா. செத்தவைக்காகச் சாப்பிடுறது. சாப்பிட்டு முடியேக்கதான் அழுதம். பேந்து நித்திரை."

பெல்ற் ஓடத் தொடங்கியது. முதல் தட்டு மஃபின் வந்து சேர முன், குரலைத் தாழ்த்தி, அடுத்த விண்ணப்பம் எப்போது போடலாம் என்று தான் ஏற்கெனவே விசாரித்துவிட்டதாகச் சொன்னார். இந்த முறை பல தடவை போய்வரும் விசா கேட்கப் போகிறாராம்.