பெருவிரலில் பார்த்த பதம்

அந்தச் சவரக்கத்தி இன்னும் என் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து, கல்லில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்புத் தீட்டுவேன். பிறகு இடது கைப் பெருவிரல் நகத்தை நனைத்து, அதன்மேல் கத்தி வாயை வைத்து மெல்ல நகர்த்துவேன். வழுக்கிக்கொண்டு போனால் மொண்ணை. தட்டித் தட்டிப் போனால் எங்கோ பல் விழுந்திருக்கிறது. நகத்தை லேசாகக் கடித்தபடி ஒரே சீராக வந்தால் அதுதான் பதம். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள்தான் நான். ஆனால் போடியில் என்னைப்போலப் பதம் பார்க்கத் தெரிந்த பொம்பளை இல்லை. இதை யார் முன்னாலும் சொல்லுவேன்.

என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்து ஆட்களுக்குச் சவரம் செய்தவர். அவர் நகத்தில் பார்க்கமாட்டார். பெருவிரல் சதையைக் கத்தி வாயின் குறுக்கே தடவியே சொல்லிவிடுவார். ஒரு நாள் காலையில் தீட்டிக்கொண்டே இருந்தார். தடவுவார், "இன்னும் வரல" என்பார், மறுபடியும் தீட்டுவார். கல்லில் ஓடிய தண்ணீர் சிவந்திருந்தது. விரல் பிளந்திருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. அவரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த விரலில் ஊசியால் குத்தினேன். "எதுக்கு அங்கிட்டுப் பாக்கச் சொன்ன?" என்று கேட்டார். அவர் முழங்கையில் வெளிறிய தேமல் ஒன்று பல மாதமாக இருந்ததும் எனக்குத் தெரியும். அந்த நோயின் பெயரை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொழுநோய்.

"பெரியாஸ்பத்திரில காட்டிருவோமா புள்ள?" என்றார்.

"காட்டுனா ஊருக்கே தெரிஞ்சிரும். அப்புறம் எவன் உங்ககிட்டக் கழுத்தக் குடுப்பான்? கத்திய இங்க கொண்டாங்க. இனிமே பதம் நான் பாக்குறேன்."

அடுத்த ஞாயிறு நானும் ஜீப்பில் ஏறினேன். அவர் சிரைக்கச் சிரைக்க, பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கத்தியைத் தீட்டிக் கொடுத்தேன்.

"என்னண்ணே, அக்காவையும் கூட்டியாந்துட்டீங்க? தனியா வரப் பயமா?" என்று ஒருவன் கிண்டல் செய்தான்.

"அவ தீட்டுனா கத்தி தானாச் செரைக்கும் மாப்ளே. வாய மூடு, மீச போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போகும்போது, "கத்தி பட்டதே தெரியலண்ணே" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு போவார்கள். அந்தப் பேச்சு எனக்குச் சேர வேண்டியது என்று உள்ளுக்குள் பூரித்துப்போவேன். இரண்டு வருடம் அப்படியே பூரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவருடைய சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் தீட்டினேன்.

பிறகு ஒரு ஞாயிறு. ஒருவனுடைய கன்னத்துத் தோலை இடது பெருவிரலால் இழுத்துப் பிடித்துச் சிரைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று சோப்பு நுரை சிவந்தது. "ஐயோ, அறுத்துட்டாரு!" என்று அவன் துள்ளி எழுந்தான். முகத்தைக் கழுவிப் பார்த்தால் கீறல்கூட இல்லை. அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தான்.

"அண்ணே, எலும்பு தெரியுது. ஒங்களுக்கு வலிக்கலையா?"

அவர் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவன் பாதிச் சவரத்தோடு நடந்தான். காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இறங்கி வந்த ஜீப்பில் எங்களை ஒட்டி யாரும் உட்காரவில்லை.

அதற்கப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரையில் நோய் போய்விட்டது. கை பழையபடி திரும்பவில்லை. "ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருந்தா வெரலு தப்பிச்சிருக்கும். யாரு வர வேணாம்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "நாந்தேன் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்." சாகும்வரை அந்தப் பேச்சை அவர் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை.

இன்றைக்கும் தீட்டினேன். நகத்தில் சீராகக் கடித்தது. என் கணக்கில் பதம் சரி. இப்போதெல்லாம் அதோடு விடுவதில்லை. அவர் பார்த்ததுபோலவே பெருவிரல் சதையைக் குறுக்கே வைத்துத் தடவிப் பார்க்கிறேன். சுரீர் என்றதும் கை தானாகப் பின்னால் வந்துவிடுகிறது.